கல்வீட்டுக்கு வேலி போட்ட பிறகு

நெடுங்கோம்பையில் செத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரத் தொடங்கியது, அரசாங்கம் கல்வீட்டைக் காப்பாற்றிய வருடத்தில்தான். அதற்கு முன்னால் அந்த மலையில் அப்படியொரு பழக்கம் இருந்ததில்லை. செத்தவர்கள் தங்களுக்கு உண்டான இடத்துக்குப் போனார்கள், இருந்தவர்கள் சாமைக்காட்டில் களை எடுத்தார்கள், பன்றி வந்தால் தகரத்தைத் தட்டினார்கள், தேன் காலத்தில் தேனுக்கும் கடுக்காய்க் காலத்தில் கடுக்காய்க்கும் போனார்கள், ஒரு தரப்பு வேலையில் இன்னொரு தரப்பு தலையிடாமல் எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

கல்வீடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பக்கம் பலகைக்கல், மேலே மூடியாக ஒரு பலகைக்கல், குனிந்து நுழைந்தால் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஊரில் ஓர் ஆள் செத்தால் உடம்பை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, செத்தவருக்கு நெருங்கிய பெண் ஒருத்தி ஓடைக்குப் போய், தண்ணீர் உருட்டி உருட்டி மழுக்கிய கல்லாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற கல்லாக ஒன்றைத் தேடி எடுத்து, மடியில் கட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் மலையேறி, கல்வீட்டுக்குள் மற்றக் கற்களோடு சேர்த்து வைப்பாள். வைத்த நிமிடத்திலிருந்து செத்தவர் ஆதி ஆள்.

அதன்பிறகு அவரைப் பற்றிப் போன மாதம் போனவர் என்றோ, அது நேற்று வைத்த கல் என்றோ யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் ஆதியில் இருந்தே இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். அது பொய்யும் இல்லை. நேற்றுப் போன பச்சைக்குழந்தையும் அந்த மலைக்கு முதன்முதலில் வந்தவனும் கல்வீட்டுக்குள் ஒரே வயதில் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவர்கள் கணக்கு. வாய் தவறி யாராவது புதுசு என்று சொல்லிவிட்டால் அது அந்த ஆளின் காதில் விழும், விழுந்தால் அவர் மறுபடி புதுசாகச் செத்தவர் ஆகிவிடுவார், புதுசாகச் செத்தவர் எழுந்து வீட்டைத் தேடி வருவார். அதனால் மாமியார் மருமகள் சண்டையில்கூட அந்தப் பேச்சு வராது. ஆள் ஆதியாகிவிட்டால் துக்கமும் ஆதியாகிவிடும். கல்லை வைத்துவிட்டு இறங்கி வருகிறவள் நேராகப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள், அதைப் பார்த்துவிட்டுக் கீழ்நாட்டு ஆட்கள் இந்த மலைக்காரிகளுக்கு ஈவிரக்கமே கிடையாது என்று பேசிக்கொண்டு போவார்கள்.

நஞ்சியையும் அப்படிப் பேசினார்கள். ஒரே மகள், பதினான்கு வயது, மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. பாதை சரிந்து கிடந்த நேரம், கம்பளியில் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கியவர்கள் பாதி வழியில் தொட்டிலைக் கீழே இறக்கி வைத்தார்கள், அதற்கு மேல் தூக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. நஞ்சி ஓடைக்குப் போனாள், கல் எடுத்தாள், கொண்டுபோய் வைத்தாள், வந்து களி கிண்டினாள், புருஷன் ஜடையனுக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டாள். அவளுக்கு ஈவும் இருந்தது, இரக்கமும் இருந்தது. ஆனால் ஆதியில் இருந்தே இருக்கிற ஒருத்திக்காக எப்படி அழுவது.

அடுத்த மாதம்தான் கிரானைட் கம்பெனி ஆட்கள் மலையை அளக்க வந்தார்கள். கல்வீடு இருக்கிற மேட்டுக்கு அடியில் நல்ல கறுப்புக்கல் ஓடுகிறதாம், எடுத்துப் பாலீஷ் போட்டால் வெளிநாட்டுக்காரன் வாசல்படிக்குப் போட்டுக்கொள்வானாம். ஊர் பயந்துபோய்க் கீழே இறங்கி, கையில் மனுவும் கண்ணில் தண்ணீருமாக ஆபீஸ் ஆபீஸாக நின்றது. நின்றதற்குப் பலனும் கிடைத்தது. பழங்காலச் சின்னங்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்தத் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி மலையேறி வந்தார். நல்ல பிள்ளை. கல்வீட்டுக்குப் பத்தடி முன்னாலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தது நஞ்சி.

இதில் சமீபத்தில் வைத்த கல் ஏதாவது இருக்கிறதா அம்மா என்று அவர் கேட்டார். குவியலுக்கு மேலே, ஓடைப்பாசி இன்னும் முழுசாகக் காயாமல், அவள் மகளின் கல் இருந்தது. நஞ்சி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "எல்லாமே ஆதியில இருந்து இருக்குதுங்க" என்றாள்.

அதிகாரி சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அவள் பெயரையும் ஜடையன் பெயரையும் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தில் மலை தப்பித்தது. கல்வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆனது, கம்பெனியின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது, நெடுங்கோம்பை கிடா வெட்டிச் சாப்பிட்டு விடிய விடிய ஆடியது. ஆடி முடித்த அலுப்பு தீருவதற்குள் மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, இரும்பு கேட்டு வந்தது, கேட்டுக்குப் பூட்டு வந்தது. நீலப் பலகையில், இச்சின்னத்துக்குள் நுழைவதோ, இருப்பதை எடுப்பதோ, இல்லாததை வைப்பதோ தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் செங்கோட்டுவேல் என்ற காவல்காரர் உட்கார்ந்தார். அவரும் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர்களைத் தேடினால் கஷ்டம்.

தேன் காலத்தில் ஜடையன் பாறையிலிருந்து விழுந்தான். கொடி அறுந்துவிட்டது. மண்ணுக்குக் கொடுத்தார்கள், நஞ்சி ஓடைக்குப் போய்ப் பழுப்பு நிறத்தில் ஒரு கல் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மேடேறினாள். செங்கோட்டுவேல் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, துக்கம் விசாரித்து, அவளை உட்காரச் சொல்லித் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்து, ஆனால் உள்ளே விட முடியாது என்று சொன்னார். விட்டால் அவர் வேலை போகும், வைத்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள். ஆதிகாலக் கல்லோடு இன்றைக்கு எடுத்த கல்லைக் கலந்தால் சின்னம் கெட்டுவிடும் என்பது சட்டம். பேசாமல் போக வேண்டிய வழி என்பதால் நஞ்சி பதில் பேசவில்லை. பேசாமலே திரும்பி வந்து, கல்லை வீட்டு மூலையில் தானியக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், கூடைக்கு அந்தப் பக்கம் ஜடையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

நாய் ஒரு நாள் குரைத்தது. மறுநாள் அதுவும் விட்டுவிட்டது. ஊரார் வந்து பார்த்தார்கள், அவனுக்குப் போக இடம் இல்லை, வேலி போட்டிருக்கிறது, வேறு எங்கே போவான் என்று பேசிக்கொண்டார்கள், நியாயமாகத்தான் பட்டது. யாரும் தலைதெறிக்க ஓடவில்லை. ஓடுகிற மாதிரி அவனும் ஒன்றும் செய்யவில்லை. தொட்டால் ஓடைத்தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தான், சாப்பாட்டை முகர்ந்து பார்த்தான், சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மற்றபடி ஜடையன் ஜடையனாகவே இருந்தான்.

ஊருக்குத்தான் பலவிதமான சந்தேகங்கள். நஞ்சி வளையலைக் கழற்ற வேண்டுமா, போட்டுக்கொள்ளலாமா என்று பெண்கள் ஒரு நாள் முழுக்கப் பேசி, கழற்ற வேண்டாம், ஆனால் புதுசு வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ரேஷன் கடை மெஷின் அவன் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்றே காட்டியது, ஆனால் அது உயிரோடு இருக்கிற பாதிப் பேர் விரலுக்கும் அப்படித்தான் காட்டும் என்பதால் கடைக்காரர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தூக்கம் இல்லாத ஆள் என்பதால் பரண் காவலுக்கு அவனையே வைத்தார்கள். அந்த வருடம் ஒரு பன்றிகூடச் சாமைக்காட்டுக்குள் காலை வைக்கவில்லை, ஊரே நன்றாகத் தூங்கியது, செத்த ஆள் ஒருவர் ஊருக்கு இருப்பது தேவலாம் போலிருக்கிறதே என்று சிலர் சிரித்தார்கள்.

அடுத்து வெள்ளச்சி செத்துத் திரும்பி வந்தாள். உயிரோடு இருக்கும்போதே மருமகளைக் கரித்துக்கொட்டுவதில் பெயர் எடுத்தவள், செத்ததும் சாப்பாடு தூக்கம் என்று வீணாகும் நேரமெல்லாம் மிச்சமாகிவிட்டதால் முழுநேரமும் அந்த வேலையைப் பார்த்தாள். மருமகள் ஓடைக்குப் போனால் கூடவே போனாள், குழம்பு கொதித்தால் முகர்ந்து பார்த்து உப்பு பற்றாது என்றாள். நெடுங்கோம்பை அதையும் வைத்துச் சிரித்தது. மூன்றாவதாக ரங்கியின் குழந்தை செத்தது. பிறந்து பெயர்கூட வைக்காத பெண் குழந்தை. மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த ரங்கி தூளியை அவிழ்க்கப் போனபோது அதற்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்கப்புறம் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் குழந்தை அழாது. குடிக்காது. வளராது. கண்ணை மூடாது. ரங்கி அதை இடுப்பில் வைத்துக்கொண்டே களை எடுத்தாள், விறகு பொறுக்கினாள், பால் கட்டிக்கொண்ட மார்போடு பகல் முழுக்க நடந்தாள். அந்தக் குழந்தை வந்த பிறகுதான் மற்றச் செத்தவர்களையும் ஊர் சரியாகப் பார்த்தது. வெள்ளச்சி திட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜடையன் முதலில் மரங்களின் பெயரை மறந்தான், அப்புறம் பரணுக்குப் போகிற வழியை மறந்தான், கடைசியில் மூலையில் இருந்த பழுப்புக் கல்லுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி அதையே பார்க்க ஆரம்பித்தான். தினமும் காலையில் போலாமா என்று கேட்பான். நாளைக்கு என்பாள் நஞ்சி.

இந்த நேரத்தில்தான் வக்கீல் கிருபாவதி மலையேறி வந்தார். கீழே டவுனில் காட்டுச் சனங்களின் வழக்குகளை எடுத்து நடத்துகிற அம்மாள், மூச்சு வாங்க ஏறி வந்து, கூடியிருந்த செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். காட்டில் வாழ்கிற சனத்துக்குத் தாங்கள் கும்பிடுகிற இடத்தின் மேல் உரிமை உண்டு, அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, கேட்டைத் திறக்க வைக்கலாம் என்றார். ஆனால் வழக்கம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். கடைசியாக யார், எப்போது, யாருக்காகக் கல் வைத்தார்கள் என்று ஓர் ஆள் நீதிபதியிடம் வாயால் சொல்ல வேண்டும். துறையின் அறிக்கையில் எல்லாமே ஆதியில் இருந்து இருப்பதாக ஒரு பெண் சொன்னதாக இருக்கிறது, அந்தப் பெண்ணே வந்து மாற்றிச் சொன்னால்தான் எடுபடும்.

ஊர் முழுக்க நஞ்சியைப் பார்த்தது. கடைசிக் கல் அவள் மகளுடையது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கம்பெனி இன்னும் போய்விடவில்லை, கீழே காத்துக்கொண்டிருந்தது. கற்கள் புதுசு என்று நஞ்சி சொன்னால், புதுசென்றால் அது பழஞ்சின்னமே இல்லை, வேலியை எடுத்துவிட்டு மலையை எங்களுக்குக் கொடு என்று கேட்க அவர்கள் வக்கீல் தயாராக இருந்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கிருபாவதி. உங்கள் மகளுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த விஷயம் அப்போது அவருக்குப் புரியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ஊரார் விளக்கியதும், கேட்டு திறந்த பிறகு மறுபடி கொண்டுபோய் வைத்துவிடலாமே என்று சட்டென்று சொன்னார். ஒரு பெற்றவளைப் பார்த்து இன்னொரு முறை கொண்டுபோய் வை என்று தான் சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்ததும், அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. நஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

நஞ்சி யோசிக்கிறேன் என்றாள். மகளைத் தொந்தரவு பண்ண மாட்டேன் என்று ஊரிடம் சொன்னாள், ஊரும் அதை மதித்தது. அது உண்மையும்தான். ஆனால் முழு உண்மை இல்லை. கேட்டு திறந்தால் ஜடையன் போய்விடுவான். சில்லென்று இருந்தாலும், பேர் ஊர் தெரியாமல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அவள் வீடு திரும்பும்போது கூடைக்கு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். செத்தவனைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆசை அவளுக்கு இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு மழைக்காலம் சொல்லாமலே ஓட்டினாள்.

ஒரு மத்தியானம் ரங்கி வந்தாள். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து நஞ்சியின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடக் குழந்தை தவழ்ந்து எழுந்து ஓட வேண்டிய வயதில், அது பிறந்த அன்றைக்கு இருந்த கனமே இருந்தது. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

"அழுதாக்கூடத் தேவலை அத்தை," என்றாள் ரங்கி. "அழ மாட்டேங்குது."

அவள் போன பிறகு நஞ்சி ஜடையனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். போலாமா என்று அவன் கேட்டான். இந்த முறை அவள் நாளைக்கு என்று சொல்லவில்லை. உனக்கு இங்கே என்ன குறை என்று கேட்டாள். அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான், அவள் யாரென்று தேடிப் பார்க்கிற பார்வை, கிடைத்ததோ இல்லையோ தெரியாது.

"கண்ணை மூட முடியலை," என்றான். "எதுக்கு என்னைப் புடிச்சு வெச்சிருக்கே?"

மறுநாள் காலையில் நஞ்சி மலையிறங்கிப் போய்க் கிருபாவதியின் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

வழக்கைக் கேட்ட நீதிபதி இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முட்டிவலிக்காரர், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்து சேர்ந்தார். கூடவே துறையின் வக்கீல், கம்பெனியின் வக்கீல், பூட்ஸைக் கழற்றிய அந்த இளம் அதிகாரி, கோர்ட் ஆட்கள். வேலிக்கு வெளியே ஊரும் ஊரின் செத்தவர்களும் நின்றார்கள். நிற்கிறவர்களில் யார் யார் இறந்தவர்கள் என்று நீதிபதி கேட்டுத் தெரிந்துகொண்டார். வெள்ளச்சி வயதானவள், ஜடையன் பாறையிலிருந்து விழுந்தவன் என்பதால் இருவருக்கும் உட்கார ஏதாவது கொடுக்கச் சொன்னார், செங்கோட்டுவேல் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து வெள்ளச்சிக்குப் போட்டார், ஜடையன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். இறந்தவர்களையே விசாரித்துவிட்டால் என்ன என்று கிருபாவதி கேட்டதற்கு, அவர்கள் படுகிற பாடு தமக்குத் தெரிகிறது, ஆனால் இறந்தவர் சாட்சி சொல்லச் சட்டத்தில் வழியில்லை என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

அப்புறம் நஞ்சியைக் கூப்பிட்டார். துறையின் அறிக்கையைப் படித்துக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் இங்கே யாரும் கல் வைப்பதில்லை என்று ஆகிறதே என்றார். கம்பெனி வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நஞ்சி கம்பிக்கு அந்தப் பக்கம் கல்வீட்டைப் பார்த்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஊரில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், தங்கள் வீட்டு ஆட்களுக்கும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம், தங்கள் காதைப் பொத்தினால் அவர்களுக்கும் கேட்காது என்பது போல.

"கடைசிக் கல்லு நான் வெச்சதுங்க ஐயா," என்றாள். "எம் பொண்ணு மாதி. காய்ச்சல்ல போயிட்டா. வேலி போடறதுக்கு முந்தின மழையில வெச்சேன். புதுக்கல்லுங்க. எம் பொண்ணு புதுசாச் செத்தவங்க."

சொல்லி முடித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் எல்லோரும் எதிர்பார்த்தபடியே முன்னால் வந்து, பழமை என்பதே பொய் என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது என்றார். நீதிபதி அவரை முழுசாகப் பேச விட்டார். பேசி முடித்த பிறகு, வீட்டுக்குள் புதுசாக ஓர் ஆள் குடிவந்தால் வீடு புதுசாகிவிடாது, உங்கள் வீட்டில் குழந்தை பிறந்த அன்றைக்கு உங்கள் வீட்டை யாராவது இடித்தார்களா என்று கேட்டார். கல்வீட்டின் பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும், மலையில் கம்பெனி கை வைக்கக் கூடாது, இது இந்தச் சனங்களின் இறந்தவர்கள் வாழும் வீடு, இந்தச் சனங்களுக்கு எதிராக இதைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது என்று அங்கேயே சொல்லி எழுத வைத்தார். கேட்டை இப்போதே திறங்கள் என்றார். இளம் அதிகாரி தானே சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார், நான் நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் அம்மா என்று நஞ்சியிடம் மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றாள்.

வெள்ளச்சியின் மருமகள் கொண்டுவந்திருந்த கல்லைப் பார்த்து வெள்ளச்சி இதுதான் உனக்குக் கிடைத்ததா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்து உள்ளே போனாள், மருமகள் வெளியே வரும்போது அழுதுகொண்டிருந்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ரங்கி கோலிக்குண்டு அளவுக் கல் ஒன்றை வைத்துவிட்டு வெறும் இடுப்போடு வந்து புல்லில் உட்கார்ந்தாள். நஞ்சி மடியிலிருந்த பழுப்புக் கல்லோடு நுழைந்தாள், ஜடையன் பின்னாலேயே வந்தான், கல்லை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது பின்னால் யாரும் இல்லை. குவியலுக்கு மேலே மகளின் கல் இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடம் ஈரமாக இருந்தது.

அவள் ஓடினாள். நீதிபதிக்குக் கும்பிடுகூடப் போடாமல் ஓடினாள். வீட்டில் மாதி பாயில் சுருண்டு படுத்திருந்தாள், பல் கிட்டிப்போய் உடம்பு தூக்கிப் போட்டது, நெற்றியைத் தொட்டால் அன்றைக்குப் பாதி வழியில் தொட்ட அதே கொதிப்பு. ஜடையனைப் போலச் சில்லென்று இருப்பாள் என்று நினைத்து வந்தவளுக்கு அந்தச் சூடு பொறுக்க முடியவில்லை. நஞ்சி அவளை வாரி மேலே போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா கூப்பிட்டே?" என்றாள் மாதி. கோபம் இல்லை, தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தையின் குரல். "அங்க நான் உன்னைவிட மூத்தவம்மா. எனக்குக் காய்ச்சலே இல்லை. இப்ப மறுபடி வந்துருச்சு."

அப்பாவுக்காக, ரங்கி குழந்தைக்காக, மலைக்காக என்று சொல்லியிருக்கலாம், எல்லாம் நிஜம்தான், ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது. அவள் வாய்விட்டு அழுதாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அழ வேண்டியதை, அன்றைக்குப் பாதி வழியில் தொட்டிலை இறக்கியபோது அழ வேண்டியதை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழாமல் விட்டதை எல்லாம் சேர்த்து அழுதாள். சத்தம் கேட்டுப் பெண்கள் வந்தார்கள், வந்தவர்கள் வாசலிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சேதி இப்போதுதான் காதில் விழுந்தது போல மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, நஞ்சியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எப்போதோ நடந்ததுதானே என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்ததும், இந்த ஒரு ராத்திரி மட்டும் பிள்ளை உன்னோடு இருக்கட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண்கள் சொன்னார்கள். நஞ்சிக்கு ஆசையாகத்தான் இருந்தது. மாதியின் கண்ணைப் பார்த்தாள். மூட முடியாமல் திறந்திருந்தது.

"ஒரு ராத்திரி வெச்சா, மறுநாளும் வெக்கச் சொல்லும் மனசு," என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடைக்குப் போனாள்.

முன்பு எடுத்த அதே இடத்தில், அதே கல் தண்ணீருக்குள் கிடந்தது, யாரும் எடுக்காதது போல. எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். மாதி நடக்கிற நிலையில் இல்லை என்பதால் ஆண்கள் கம்பளியில் தொட்டில் கட்டினார்கள், அன்றைக்குச் சுமந்தவர்களில் உயிரோடு இருந்தவர்களே தோள் கொடுத்தார்கள், அன்றைக்குக் கீழ்நோக்கிப் போன தொட்டில் இன்றைக்கு மேல்நோக்கிப் போனது, பாதி வழியில் யாரும் இறக்கவில்லை. நஞ்சி பக்கத்திலேயே நடந்தாள். பேசக் கூடாத வழி என்பதால் பேசவில்லை, தொட்டிலுக்குள் கையை விட்டு மகளின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். கேட்டு திறந்தே இருந்தது. செங்கோட்டுவேல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கல்வீட்டு வாசலில் மாதியை இறக்கி நிறுத்தினார்கள். தள்ளாடியபடி கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே குனிவதற்கு முன்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"இனிக் கூப்பிடாதேம்மா."

வழியில் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம், ஆனால் வழி முடிந்துவிட்டதே என்று நஞ்சி நினைத்தாள், அல்லது எதையும் நினைக்கவில்லை.

"கூப்பிட மாட்டேன்," என்றாள். "போ சாமி."

மாதி உள்ளே போனதும் நஞ்சியும் குனிந்து நுழைந்து கல்லைக் குவியலுக்கு மேலே வைத்தாள். அது காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறி, சாதாரணக் கல்லின் குளிர்ச்சிக்கு வரும்வரை உள்ளங்கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறியதும் கையை எடுத்தாள்.